கடலுக்குப் போற தண்ணி வீணா? பிச்சாவரம் சேறு சொன்ன பதில்!

தொப்பூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சேலத்திலிருந்து தருமபுரிக்கு பஸ்ஸில் போனவர்கள் உடனே கணவாயைச் சொல்வார்கள். பிரேக்கை அழுத்திக்கொண்டே வரிசையாக இறங்கும் லாரிகளைச் சொல்வார்கள். செய்தி படிப்பவர்கள் விபத்தைச் சொல்வார்கள். எனக்கு அது சொந்த ஊர். எனக்கு ஞாபகம் வருவது, மழை பெய்த மறுநாள் செம்மண் நிறத்தில் ஓடும் எங்கள் ஊர் ஓடை.

"கண்ணு, நம்ம காட்டு மண்ணு எல்லாம் கடலுக்குப் போவுது பாரு!"

ஓடையைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் ஆயா சொல்லும் வசனம் இது. எங்கள் பக்கம் காடு என்றால் மரம் அடர்ந்த வனம் இல்லை. வானம் பார்த்த நிலம். கேழ்வரகு, சாமை, துவரை என்று மழையை நம்பி விதைக்கிற மேட்டு நிலம். ஒரு வரப்பு உடைந்தால், வருஷக்கணக்காக எருவடித்துத் தேற்றிய மேல் மண் ஒரே ராத்திரியில் போய்விடும். ஆயாவின் அந்த வசனத்தில் கவிதை எதுவும் கிடையாது. சுத்தமான வயிற்றெரிச்சல்!

அந்த மண் நிஜமாகவே கடலுக்குப் போகிறதா என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தது பிச்சாவரத்தில் ஒரு படகோட்டி அண்ணன். அதுவும் என்னை நன்றாகத் தலைகுனிய வைத்துவிட்டு!

படகில் விழுந்த கேள்வி

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். 2025 ஜூன் கடைசியில் மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டது. டிஜிட்டல் டெஸ்க்கில் இருப்பவர்களுக்கு அணை நிரம்பினால் தீபாவளி மாதிரி. போட்டோ, வீடியோ, அப்டேட் என்று போன் கையை விட்டு இறங்காது. அப்போது நான் போட்ட தலைப்புகளில் ஒன்று: 'வீணாகக் கடலில் கலக்கும் உபரி நீர்!' நன்றாகப் படிக்கப்பட்டது. நிறைய பேர் ஷேர் செய்தார்கள். வருஷா வருஷம் எல்லோரும் எழுதுகிற வரிதானே, யாரும் கேள்வி கேட்கவில்லை.

சில மாதங்கள் கழித்து வேறொரு வேலையாகப் பிச்சாவரம் போயிருந்தேன். சிதம்பரத்துக்குப் பக்கத்தில், வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் கடலைத் தொடும் இடங்களுக்கு நடுவே இருக்கிற அலையாத்திக் காடு. எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' படம் எடுத்த இடம் என்றால் வீட்டுப் பெரியவர்களுக்கு உடனே தெரியும். என் வயதுக்காரர்களுக்கு 'தசாவதாரம்'.

படகு ஒரு குறுகலான வாய்க்காலுக்குள் நுழைந்தது. பேச்சுவாக்கில், நான் பத்திரிகையில் வேலை பார்ப்பதாகச் சொன்னேன். துடுப்பைப் போட்டுக்கொண்டிருந்த அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா, கொள்ளிடத்துல வெள்ளம் வந்தா 'தண்ணி வீணாப் போவுது, வீணாப் போவுது'ன்னு போடுறீங்களே... அது நீங்கதானா? அந்தத் தண்ணி வரலைன்னா இந்தக் காடு என்னாத்துக்கு ஆவும், நாங்க என்னாத்துக்கு ஆவுறது?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் கோபமாகக் கேட்கவும் இல்லை. வெள்ளம் வந்துபோன வருஷம் இறால் எப்படிப் படும், வராத வருஷம் எப்படி இருக்கும் என்று தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் அந்த 'வீணாக' என்ற ஒற்றைச் சொல்லிலேயே மாட்டிக்கொண்டேன். இந்த வாரப் பத்தி அந்தச் சொல்லைத் திருப்பி எடுத்துக்கொள்வதற்காகத்தான்.

மரத்தை விடுங்க, காலடியைப் பாருங்க!

பிச்சாவரம் போகிற எல்லோரும் மரங்களைத்தான் போட்டோ எடுக்கிறோம். வளைந்து வளைந்து தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும் சுரபுன்னை, சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கில் குச்சிகளாக நீட்டிக்கொண்டிருக்கும் வெண்கண்டலின் மூச்சு வேர்கள்... அழகுதான். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான தில்லை மரமும் இந்தக் குடும்பத்தில் சேர்ந்ததுதான். ஆனால், காலநிலை விஞ்ஞானிகள் இங்கே வந்தால் மரத்தை அளந்ததும் உடனே குனிந்துவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது சேறு. நீளமான குழாயைச் சேற்றுக்குள் இறக்கி, உருவி எடுத்து, அடுக்கடுக்காக வெட்டி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோவார்கள். அதில் தேடுவது கார்பனை.

செடியும் மரமும் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுத்துத்தான் இலையாகவும் கிளையாகவும் வேராகவும் வளர்கின்றன. இது பள்ளிக்கூடப் பாடம். பாடப் புத்தகம் அதிகம் பேசாத அடுத்த கட்டம் ஒன்று இருக்கிறது. அந்த இலை விழுந்த பிறகு என்ன ஆகிறது? சாதாரண நிலத்தில் விழுந்தால் பூஞ்சையும் பாக்டீரியாவும் அதைத் தின்று மட்கவைக்கும். அதிலிருந்த கார்பனில் பெரும்பகுதி மறுபடியும் காற்றுக்கே போய்விடும். வலது கையில் வாங்கி இடது கையில் கொடுத்த மாதிரி.

அலையாத்திச் சேற்றில் கதையே வேறு. அங்கே மண்ணின் ஒவ்வொரு இடுக்கிலும் தண்ணீர் நிறைந்திருக்கிறது. சில மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கீழே ஆக்சிஜன் போவதே கஷ்டம். மரமே மூச்சு விடச் சேற்றுக்கு மேலே வேரை நீட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! ஆக்சிஜன் இல்லாததால் உள்ளே போன இலையும் வேரும் மிக மிக மெதுவாகத்தான் மட்கும். அதற்குள் அடுத்த வெள்ளமும் அடுத்த அலையும் அதன் மேல் புதுச் சேற்றைப் போர்த்திவிடும். அதன் மேல் இன்னொன்று. இப்படியே நூற்றாண்டுக் கணக்கில் அடுக்கு ஏறுகிறது.

சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும், கவனித்திருக்கிறீர்களா? மூக்கைப் பொத்திக்கொண்டு 'சாக்கடை' என்று நினைக்காதீர்கள். ஆக்சிஜன் இல்லாத இடத்தில், கடல் நீரிலிருக்கும் கந்தகச் சத்தை வைத்துப் பிழைக்கும் பாக்டீரியாக்கள் விடுகிற வாயு அது. இதில் ஒரு நல்ல விஷயமும் உண்டு. இந்தப் பாக்டீரியாக்கள் வலுவாக இருக்கும் உப்புச் சேற்றில், மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்குத் தீனி குறைந்துவிடுகிறது. அதனால்தான் நன்னீர்ச் சதுப்பைவிட உப்புச் சதுப்பு மீத்தேனைக் குறைவாக வெளியிடுகிறது.

ஆயா ஊர்க் கேழ்வரகுக் குழி

இதை ஆயாவுக்கு எப்படிப் புரியவைப்பது என்று யோசித்தபோது, அவரே எனக்கு முன்பு சொன்ன ஒரு கதை கைகொடுத்தது.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் கேழ்வரகைக் குழியில் போட்டு மூடிவைக்கிற வழக்கம் இருந்தது. மேட்டுப் பாங்கான இடத்தில் ஆழமாகக் குழி தோண்டி, வைக்கோல் பரப்பி, தானியத்தைக் கொட்டி, வாயைக் கல்லும் மண்ணும் வைத்துக் காற்றுப் புகாமல் அடைத்துவிடுவார்கள். பஞ்சம் வந்தால்தான் திறப்பது. வருஷக்கணக்கில் கெடாது. பூச்சியும் வராது, ஏனென்றால் பூச்சிக்கு மூச்சு விடக் காற்று கிடையாது.

ஆனால், திறந்த உடனே யாரும் உள்ளே இறங்கக் கூடாது. முதலில் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். விளக்கு அணைந்தால் உள்ளே கெட்ட காற்று நிற்கிறது என்று அர்த்தம். அது தெரியாமல் இறங்கியவர்கள் திரும்பி வராத கதைகளும் உண்டு.

அலையாத்திச் சேறும் ஒரு கேழ்வரகுக் குழிதான். மூடியிருக்கும் வரை உள்ளே இருப்பது பத்திரம். மூடியைத் திறந்தால், அதாவது தண்ணீரை வடித்தாலோ, தோண்டிக் குவித்தாலோ, இறால் பண்ணைக்காக வெட்டினாலோ, காற்று உள்ளே போய்விடும். பாக்டீரியாக்களுக்கு விருந்து. பல நூறு வருஷம் சேர்த்தது சில வருஷங்களிலேயே கார்பன் டை ஆக்சைடாக வெளியே கிளம்ப ஆரம்பித்துவிடும்.

எவ்வளவு சேர்ந்திருக்கும்? 2011-ல் வெளியான ஓர் ஆய்வு ரொம்பப் பிரபலம். இந்தியப் பெருங்கடலையும் பசிபிக்கையும் ஒட்டிய 25 அலையாத்திக் காடுகளை அளந்து பார்த்தார்கள். மரம், வேர், மண் எல்லாம் சேர்த்து ஒரு ஹெக்டேருக்குச் சராசரியாக 1,023 டன் கார்பன். நம் கணக்கில் ஏக்கருக்கு 400 டன்னுக்கும் மேல்! அந்த மொத்தத்தில் 49 முதல் 98 சதவிகிதம் வரை மண்ணில் இருந்தது. அதாவது, குறைந்தபட்சம் பாதி. சில இடங்களில் ஏறக்குறைய முழுவதும்.

இந்த எண்ணை அப்படியே பிச்சாவரத்துக்குப் பொருத்திவிடக் கூடாது. வருஷம் முழுக்க மழை பெய்கிற இந்தோனேசியக் காடுகளின் உயரம் வேறு, வருஷத்தில் பல மாதம் வெயிலில் காய்கிற நம் கரையின் மரங்கள் வேறு. ஆனால், சொத்து காலடியில் இருக்கிறது என்ற விஷயம் எல்லா ஊருக்கும் பொது. கடலோரத்தில் இப்படிச் சேரும் கார்பனுக்கு 2009-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் அறிக்கை ஒன்று 'நீலக் கார்பன்' என்று பெயர் வைத்தது. இன்று உலகம் முழுக்க அந்தப் பெயர்தான் புழங்குகிறது.

குளிர் நாட்டிலும் இதே கதைதான்

அலையாத்தி மரம் உறைபனியைத் தாங்காது. அப்படியானால் இங்கிலாந்து மாதிரியான குளிர்ந்த கடற்கரைகளில்? அங்கே இந்த வேலையைச் செய்வது உப்பைத் தாங்கும் புல்லும் பூண்டும். உப்புச் சதுப்பு என்கிறார்கள். பார்த்தால் நம் ஊர் ஏரிக்கரைப் புல்வெளி மாதிரி சாதாரணமாக இருக்கும். மரம் இல்லாததால் தரைக்கு மேலே காட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஆனால், குழாயை இறக்கிப் பார்த்தால் அங்கேயும் அதே அடுக்கு அடுக்கான கருஞ்சேறு. குளிரில் மட்குவதும் இன்னும் மெதுவாகத்தான் நடக்கும்.

அங்கே நடந்த இரண்டு விஷயங்கள் நமக்கு முக்கியம்.

ஒன்று, ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் முன்னின்று 2019-ல் வெளியிட்ட ஆய்வு. ஆறு கண்டங்களில் 300-க்கும் அதிகமான உப்புச் சதுப்புகளின் கணக்கை ஒப்பிட்டார்கள். கடந்த சில ஆயிரம் வருஷங்களில் கடல் மட்டம் மெல்ல மெல்ல உயர்ந்துகொண்டே வந்த கரைகளில், மட்டம் மாறாமல் நின்ற கரைகளைவிட 2 முதல் 4 மடங்கு கார்பன் மேல் மண்ணில் இருந்தது. காரணம் எளிது. தண்ணீர் உயர உயர, சேறு மேலே மேலே அடுக்க இடம் கிடைக்கிறது. பாத்திரம் பெரிதாகிக்கொண்டே போன மாதிரி. ஆனால், பாத்திரம் பெரிதானால் மட்டும் போதுமா, போடுவதற்குச் சரக்கு வேண்டாமா? சேறு வந்துகொண்டே இருந்தால்தான் தரை உயரும். வராவிட்டால் உயரும் கடல் சதுப்பை மூழ்கடித்துவிடும்.

இரண்டாவது, இங்கிலாந்தின் சாமர்செட் பகுதியில் ஸ்டீர்ட் என்ற இடம். கடலைத் தடுத்துக் கட்டியிருந்த கரையை 2014-ல் வேண்டுமென்றே உடைத்துக் கடலை உள்ளே விட்டார்கள். விவசாய நிலம் மறுபடியும் சதுப்பானது. அந்தக் கடல் கலங்கலாகச் சேறு சுமந்து வருகிற கடல் என்பதால் சேறு வேகமாகப் படிந்தது. கூடவே கார்பனும். அங்கே முதல் வேலை புல் நடுவதாக இருக்கவில்லை. தண்ணீருக்கும் சேற்றுக்கும் வழி விடுவதாக இருந்தது.

இதே பாடத்தை ஸ்டீர்ட்டுக்கு முன்பே நம் பிச்சாவரம் கற்றுக்கொடுத்துவிட்டது என்பதுதான் எனக்கு ஆச்சர்யம்.

வெட்டினோம்... தரை இறங்கியது

பிச்சாவரம் காட்டை 1970-கள் வரை விறகுக்காகப் பகுதி பகுதியாக மொட்டையடித்தார்கள். ஒரு கூறு வெட்டினால் அது தானாக முளைத்து வந்துவிடும், அதற்குள் அடுத்த கூறு வெட்டலாம் என்பது திட்டம். நிலத்தில் வேறு ஒன்று நடந்தது. நிழல் போனதும் வெயில் நேராகச் சேற்றில் அடித்தது. ஈரம் வற்றி மண் சுருங்கி அமுங்கியது. நடுவில் அகலமான தட்டு மாதிரிப் பள்ளம் விழுந்தது. அலை ஏறும்போது உள்ளே வந்த கடல் நீர் இறங்கும்போது வெளியே போக முடியாமல் தங்கிவிட்டது. வெயிலில் தண்ணீர் ஆவியாக, உப்பு மட்டும் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் உப்பைத் தாங்கும் மரத்தாலேயே தாங்க முடியாத உப்பு! அந்த இடங்கள் வெறும் பொட்டலாகின.

அப்போது பழியை யார் மேல் போட்டார்கள் தெரியுமா? ஊர் மக்கள் மேல். மாடு மேய்க்கிறார்கள், விறகு வெட்டுகிறார்கள், அதனால்தான் காடு அழிகிறது என்று. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து இறங்கியபோதுதான் நிஜக் காரணம் மண்ணின் மட்டத்திலும் தேங்கிய உப்பிலும் இருக்கிறது என்பது தெளிவானது.

தீர்வு என்ன தெரியுமா? வாய்க்கால்! மீன்முள் வடிவத்தில் நடுவே ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். அலை ஏறும்போது தண்ணீர் உள்ளே வரும், இறங்கும்போது வெளியே போகும். உப்பு கழுவப்பட்டது. அதற்குப் பிறகுதான் வெண்கண்டலை நட்டார்கள். பிடித்துக்கொண்டது. வாய்க்காலில் சேறு அடைத்துக்கொண்டால் தூர்வாருவதும் ஊர் மக்களின் பங்கோடு நடந்தது. இதே முறை முத்துப்பேட்டையிலும் பிறகு ஆந்திர, ஒடிசா கரைகளிலும் போனது.

முதலில் தண்ணீர், அப்புறம் மரம். இந்த வரிசையை மாற்றி, கன்று நட்டு, போட்டோ எடுத்து, எண்ணிக்கையை அறிவித்துவிட்டுப் போனால் கன்றும் நிற்காது, கார்பனும் நிற்காது. ஒருவேளை கன்று பிடித்தாலும்கூட, ஐம்பது வருஷத்தில் ஒரு மரத்தை வளர்த்துவிடலாம். ஐந்நூறு வருஷச் சேற்றை எந்த நர்சரியிலும் வாங்க முடியாது.

தொப்பூர் மண் எங்கே நிற்கிறது?

இப்போது ஆயாவின் வசனத்துக்கு வருவோம். எங்கள் ஊர் ஓடை மண் கடலுக்குப் போகிறதா?

வீட்டுக்கு வந்ததும் மேப்பை விரித்துவைத்து விரலால் தடவிக்கொண்டே போனேன். தொப்பையாறு சேர்வராயன் மலைப் பக்கம் பிறக்கிறது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் தொப்பையாறு அணை. அதைத் தாண்டி மேற்கே போய் மேட்டூர் நீர்த்தேக்கத்தில் காவிரியோடு சேர்கிறது. மேட்டூரிலிருந்து கீழே இறங்கினால் பவானி சேரும், அமராவதி சேரும். திருச்சிக்கு மேலே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரியும். காவிரி வலது பக்கம் கல்லணைக்கும் வயல்களுக்கும் போகும். வெள்ளத்தைச் சுமக்கிற வேலை இடது பக்கம் பிரியும் கொள்ளிடத்துக்கு. முக்கொம்பு மேலணையும் அணைக்கரை கீழணையும் 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டியவை. அணைக்கரையைத் தாண்டியும் தண்ணீர் மிஞ்சினால் அது பழையாறு பக்கம் கடலைத் தொடும். அங்கிருந்து வடக்கே பார்த்தால் பிச்சாவரம்!

ஆகா, ஆயா சொன்னது சரிதான் என்று குதித்தேன். பிறகுதான் உறைத்தது. நடுவே மேட்டூர் இருக்கிறதே! 1934-ல் கட்டி முடிக்கப்பட்ட, 93.47 டி.எம்.சி. கொள்ளும் அணை. ஓடுகிற தண்ணீர்தான் மண்ணைச் சுமக்கும். நின்ற தண்ணீர் கீழே போட்டுவிடும். காபியில் டிகாஷன் வண்டல் அடியில் தங்குகிற மாதிரி. ஆயாவின் காட்டு மண்ணில் பெரும்பகுதி கடலைப் பார்க்கவே இல்லை. முதலில் தொப்பையாறு அணையிலும் தப்பினால் மேட்டூரிலும் உட்கார்ந்துவிடுகிறது. ஒரு பக்கம் எங்கள் காடு மண்ணை இழக்கிறது. நடுவே அணை தூர்ந்துபோகிறது. கடைசியில் கடலோரச் சதுப்பு, வர வேண்டிய வண்டல் வராமல் காத்திருக்கிறது. ஒரே மண், மூன்று இடத்தில் நஷ்டம்!

அணை நிரம்பி வழிகிற அந்தச் சில வாரங்களில்தான் கொள்ளிடம் கரை புரண்டு ஓடும். கலங்கல் தண்ணீர் கடல்முகம் வரை போகும். உப்பைக் கழுவும், வண்டலைப் போடும், இறால் குஞ்சுகளுக்குத் தீனி கொண்டுவரும். நான் 'வீணாக' என்று எழுதியது அந்தச் சில வாரங்களைப் பற்றித்தான்.

நன்னீர் வரவு குறைந்தால் என்ன ஆகும் என்பதைப் பிச்சாவரத்தின் மரங்களே சொல்கின்றன. அங்கே இப்போது பெரும்பான்மை வெண்கண்டல். அதிக உப்பையும் பொறுத்துக்கொள்கிற மரம் அதுதான். நன்னீர் கேட்கிற வகைகளுக்கு அங்கே இடம் சுருங்கிவிட்டது.

அப்போ அணையைத் திறந்துவிடணுமா?

இல்லை. இந்தக் கேள்வியை எங்கள் அப்பாவே கேட்டுவிட்டார். "டெல்டாவுல நாத்து காயுது, நீ சேத்துக்குத் தண்ணி விடச் சொல்றியா?" என்று.

நியாயமான கேள்வி. மேட்டூர் இல்லாவிட்டால் டெல்டாவில் குறுவை கிடையாது, பல மாவட்டங்களுக்குக் குடிநீர் கிடையாது. கீழணையிலிருந்து வீராணத்துக்குப் போகும் தண்ணீரில் சென்னையும் குடிக்கிறது. அதை யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், 'ஒரு சொட்டுகூடக் கடலுக்குப் போகக் கூடாது' என்று மேடையில் கைதட்டல் வாங்கும் பேச்சு இருக்கிறதே, அதுதான் ஆபத்து. ஆற்றின் கடைசிப் பங்காளி ஒருவர் இருக்கிறார். அவருக்கு ஓட்டு கிடையாது, மோட்டார் கிடையாது, பாசனச் சங்கம் கிடையாது. அந்தச் சதுப்பை நம்பி இறால் பிடிக்கிற இருளர் குடும்பங்களுக்கும் மீனவர்களுக்கும் குரல் சின்னது. பங்கு பிரிக்கும்போது அவர்கள் பெயரையும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஆயாவின் வரப்பும் உடையக் கூடாது. மேட்டு நிலத்தின் மேல் மண் மேட்டு நிலத்தில்தான் இருக்க வேண்டும்; அதிலும் கார்பன் இருக்கிறது, அதுவும் சொத்துதான். ஆறு இயற்கையாகக் கொண்டுவரும் வண்டல் வேறு, நாம் வெறுமையாக்கிய மலைச் சரிவு கரைந்து வருவது வேறு.

அறிவிப்புகள் வந்தாச்சு, அடுத்து?

நல்ல விஷயமும் நடக்கிறது. 2022-ல் பிச்சாவரம், பள்ளிக்கரணை, கரிக்கிலி மூன்றும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான பட்டியல் அது. அதே 2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரில் கடற்பசுப் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டது. கடற்பசு மேய்கிற கடற்புல்லும் தன் அடியில் கார்பனைப் புதைத்துவைக்கும் சேமிப்புக்காரர்தான். 2023-24 மத்திய பட்ஜெட்டில் அலையாத்திக் காடுகளுக்காக 'மிஷ்டி' என்ற திட்டம் வந்தது. கடலோர மீட்புக்கு மாநில அரசின் 'நெய்தல் மீட்சி இயக்கம்' இருக்கிறது.

2021 வன அறிக்கைப்படி தமிழ்நாட்டில் அலையாத்திக் காடுகளின் பரப்பு சுமார் 45 சதுர கிலோமீட்டர்தான். அதனால் நடுவது அவசியம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால், அடுத்த முறை 'இத்தனை லட்சம் கன்றுகள் நடப்பட்டன' என்ற செய்தியை உங்கள் போனில் பார்த்தால், அது நானே எழுதியதாக இருந்தாலும், மூன்று கேள்வி கேளுங்கள்.

அந்த இடத்துக்கு அலையும் ஆற்றுத் தண்ணீரும் வந்து போக வழி இருக்கிறதா? நடுவதற்கு முன் அங்கே என்ன இருந்தது? பறவைகள் இரை தேடும் சேற்றுத் திட்டையோ கடற்புல்லையோ மூடிவிட்டு மரம் நட்டால் அது சேமிப்பு இல்லை. மூன்றாவது, ஏற்கெனவே இருக்கும் பழைய சதுப்பைத் தொடாமல் வைத்திருக்கிறார்களா? ஒரு பக்கம் குப்பை கொட்டி, ரோடு போட்டு, மண் நிரப்பிப் பழைய குழியைத் திறந்துவிட்டு, இன்னொரு பக்கம் கன்று நடுவது, பீரோவை உடைத்துப் பணத்தை அள்ளிக் கொடுத்துவிட்டு உண்டியலில் சில்லறை போடுகிற கதை.

பிச்சாவரத்துக்குக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாய்க்காலில் சிப்ஸ் பாக்கெட்டைப் போடாதீர்கள், மூச்சு வேர்களை மிதிக்காதீர்கள். குழந்தைகளிடம் மரத்தைக் காட்டியதும் ஒரு நிமிஷம் சேற்றையும் காட்டுங்கள். "இதுக்குள்ள உன் தாத்தாவோட தாத்தா காலத்து இலை இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். கண்ணை விரிப்பார்கள்.

ஆயாவிடம் சொன்னேன்

போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது ஆயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேழ்வரகுக் குழி, மேட்டூர், கொள்ளிடம், சேறு எல்லாம். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப நம்ம மண்ணு கடலுக்குப் போவல... மேட்டூரோட சரியா?"

"ஆமா ஆயா, பெரும்பாலும் அங்கயே நின்னுடுது."

கொஞ்ச நேரம் ஓடையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை வருசமா கடலுக்காவது ஆவுதுன்னு மனசைத் தேத்திக்கிட்டிருந்தேன். அதுக்கும் ஆவலையா?" என்றார். பிறகு எழுந்து போய், உடைந்த வரப்புக்குக் கல் எடுத்துப் போட அப்பாவைக் கூப்பிட்டார்.

எனக்கு ஒரு சின்ன வேலை பாக்கி இருந்தது. போனை எடுத்து, ஆபீஸில் நாங்கள் தலைப்புகளைத் தயாராக எழுதிவைக்கும் ஃபைலைத் திறந்தேன். மேட்டூர் அடுத்த முறை நிரம்பும்போது போடுவதற்கான வரி அதில் அப்படியே இருந்தது. 'வீணாக' என்ற சொல்லை மட்டும் அழித்தேன். 'கடலில் கலக்கும் காவிரி நீர்!' என்று நின்றது.

தலைப்பு கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கிறது. ஷேர் குறையலாம். பரவாயில்லை, பொய் இல்லை.